எச்சரிக்கை எதற்கு?

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதி,

ஆனித் தேர் நிலைக்கு வந்த மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் மூட்டுவலி தணிந்திருக்கிறது, வேறு விசேஷமில்லை. ஆகவே நீ கேட்டதற்கே வருகிறேன்.

உன் ஃபேன்ஃபிக்ஷனில், அதாவது பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து நீ எழுதிய ரசிகர் கதையில், அந்த இரண்டு பெண்களும் குறுக்குத்துறையில் குளித்துக் கரையேறி, ஒருத்தி மற்றவளுக்குத் தலை துவட்டிவிடும் இடத்தை இரண்டு முறை படித்தேன். அதற்கு ‘எச்சரிக்கை: பெண்–பெண் காதல்’ என்று போடவேண்டுமா என்கிறாய். கூடவே கூடாது.

இப்படி எச்சரிக்கை போடும் வழக்கத்தைத் தொடங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1974இல் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் இதழொன்றில், அதன் நாயகர்களான கிர்க், ஸ்பாக் இருவரின் காதலைச் சொன்ன கதை, அவர்கள் பெயரைக்கூட வெளிப்படையாகச் சொல்லாமல்தான் அச்சேறியது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் தன்பால் உறவு 2003 வரை குற்றமாகவே இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் முன்னறிவிப்பு என்பது எழுதியவர்களுக்குக் கவசம். ஆனால் பயம் குறைந்த பிறகும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஆணும் பெண்ணும் முத்தமிட்டால் எதுவும் வேண்டாம், இரண்டு ஆண்கள் கைகோத்தாலே எச்சரிக்கை வேண்டும் என்றானது. இது அநியாயம் என்று பல ரசிகர்கள் வாதாடினார்கள். ரசிகர் கதைகளுக்காக 2009இல் திறக்கப்பட்ட ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ இணையதளத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, வயது வராதோர் சம்பந்தப்பட்ட பாலுறவு ஆகியவையே உள்ளன. பெண்–பெண், ஆண்–ஆண் காதல்கள் ஆண்–பெண் காதலோடு சேர்ந்து வகை என்ற வரியில் நிற்கின்றன. அதுதான் அவற்றுக்குரிய இடம்.

அந்த வரியை விட்டுவிடாதே, கோமதி. வீட்டுக்கொரு போனை அண்ணன் தம்பிகளோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு பெண், திறப்பதற்கு முன்பே அது என்ன கதையென்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இப்படியொரு கதை தமிழில் கிடைக்காதா என்று தேடுகிறவளும் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்தும், நம் தெருக்களில் அவளுக்கு இன்னும் தைரியம் வந்துவிடவில்லை.

என்னை உலுக்கியது வேறொன்று. மூன்றாம் அத்தியாயத்தில் தகப்பனார் அவளை மச்சில் பூட்டிவைத்து, பெல்ட்டின் கொக்கிப் பக்கத்தால் அடிக்கிறார். அதற்கு முன்னறிவிப்பு வேண்டுமா என்று நீ கேட்கவே இல்லை. அப்படி அடிவாங்கியவர்கள் உன் வாசகர்களில் இருப்பார்கள். அந்த அத்தியாயத்தின் தலைப்பில் ‘வீட்டுக்குள் வன்முறை’ என்று தெளிவாக எழுதிவிட்டு, வெளியிடுவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பு.

என்றும் அன்புடன்,
செண்பகம்