கொரோனா பூஸ்டர் ஊசிக்கு (இரண்டு தவணைக்குப் பிறகு போடும் கூடுதல் ஊசி) வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாமல், எங்கள் பகுதியிலேயே முகாம் நடத்தக் கோரி மனு

நாள்: 12.09.2022

அனுப்புநர்:
மேட்டுத்தெரு, கால்வாய்க்கரைத் தெரு பொதுமக்கள்

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
சுகாதாரப் பணிகள்

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். கன்னடியன் கால்வாய்க்குத் தெற்கே, ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருக்களைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சென்ற மழைக்காலத்தில் டெங்கு ஆய்வுக்கு வந்தபோது வீடு வீடாக நடந்தே பார்த்தீர்கள். இதே கோரிக்கைக்காக மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே மனு கொடுத்தோம். வட்டார அளவிலும் கொடுத்தோம். ரசீது கையில் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. ஆகவே தங்களிடமே முறையிடுகிறோம்.

1. 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் அரசு மையங்களில் பூஸ்டர் இலவசம் என்பது ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரைதான். இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அதன்பிறகு அறுபது வயதுக்குட்பட்டவர்கள் தனியாரிடம் போக வேண்டும் என்றால் மருந்துக்கு 225 ரூபாய், அதற்கு வரி, போட்டுவிடும் கட்டணம் 150 ரூபாய் வரை. ஆயிரம் பீடி சுற்றினால் கைக்கு எவ்வளவு வரும் என்று தங்களுக்குத் தெரியும். வீட்டில் நாலு பேருக்கு இது கட்டுப்படியாகாது.

2. மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. எங்களால் இதை ஏற்க முடியவில்லை. சரியாக ஓராண்டுக்கு முன், 2021 செப்டம்பர் 12 அன்று ஞாயிற்றுக்கிழமை, முதல் மெகா தடுப்பூசி முகாம் நடந்தபோது, எங்கள் பெண்கள் பீடிச் சுளகை இறக்கி வைத்துவிட்டு வந்து பள்ளிக்கூட வாசல்வரை வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்டவர்கள் ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது தங்கள் துறைதான். அன்று எங்களைக் கேட்டுத்தான் செய்தீர்கள். "கொரோனாதான் போய்விட்டதே" என்று இப்போது சிலர் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் தானாக வருகிறவர்களின் கதி என்ன என்பதைக் கீழே பாருங்கள்.

3. எங்களை அதிகம் வருத்துவது இதுதான். கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கிறது. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். இது எங்களுக்கும் தெரியும். அதனால் பத்துப் பேர் சேராமல் குப்பியைத் திறப்பதில்லை. சென்ற மாதம் ஒரு புதன்கிழமை அரசு மையத்துக்கு ஏழு பேர் போனார்கள். "இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க, உடைக்கிறேன்" என்றார் நர்ஸ். அவரைக் குறை சொல்லவில்லை. மருந்து வீணானால் கேள்வி அவருக்குத்தான் வரும். ஆனால் அந்த நேரத்தில் யாரைக் கூட்டி வருவது? பெண்கள் பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்க நிற்கிற நேரம் அது. ஆண்கள் வயலில். அந்த ஏழு பேரில் ஒருவர் எழுபது தாண்டிய பாட்டி, சர்க்கரை நோயாளி. ஆதார் அட்டையை பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்தவர். ஒரு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எட்டாவது ஆள் வந்தார், ஒன்பதாவது ஆள் வரவில்லை. எல்லோரையும் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் நாலு பேர்தான் போனார்கள், அவர்களும் திரும்பினார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவரும் போகவில்லை. அப்புறம் "பொதுமக்கள் வரவில்லை" என்கிறார்கள்! அய்யா, வந்தவர்களை அனுப்பிவிட்டு வரவில்லை என்று சொன்னால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்தப் பாட்டியை இனி எந்த வாயால் கூப்பிடுவோம்? ஒரு குப்பியில் இரண்டு ஊசி மருந்து மிஞ்சிப்போவது பெரிய நஷ்டமா, எட்டுப் பேர் மனம் வெறுத்துப்போவது பெரிய நஷ்டமா? எழுதிக் கொடுக்கச் சொன்னால் பெயரும் நேரமும் போட்டு நாங்களே பட்டியல் தருகிறோம் என்று சென்ற மனுவிலேயே சொன்னோமே, அதையாவது யாராவது படித்தார்களா?

4. ஊசியே போடாத சிலருக்கு "வெற்றிகரமாகப் போடப்பட்டது" என்று போனில் செய்தி வந்துவிட்டது. இப்போது போனால் கம்ப்யூட்டரில் முடிந்ததாகக் காட்டுகிறது. திருத்தித் தரவும்.

5. கார் நெல் அறுப்பு தொடங்கப்போகிறது. ஊசி போட்டால் ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும், அன்றைய கூலி போகும். அதையும் பொறுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறவர்கள் இவர்கள். மெகா முகாமுக்கு ஆற்றைத் தாண்டிப் போகச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் பஸ் இல்லை. வயதானவர்கள் எப்படிப் போவார்கள்?

ஆகவே அய்யா அவர்கள் கருணைகூர்ந்து, இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது எங்கள் தெரு அங்கன்வாடியில் பூஸ்டர் முகாம் நடத்த உத்தரவிட வேண்டுகிறோம். பத்துப் பேர் சேராவிட்டாலும் குப்பியைத் திறக்கலாம் என்று நர்சுகளுக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். அவர்கள் பயமில்லாமல் வேலை செய்வார்கள். முகாம் தேதியை மூன்று நாள் முன்னதாகச் சொன்னால் போதும், ஆட்களைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. மீண்டும் கேட்கிறோம்: முப்பதாம் தேதிக்குள் ஒரு முகாம். இந்த மனுவுக்காவது பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேட்டுத்தெரு, கால்வாய்க்கரைத் தெரு பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள், பூஸ்டர் போட விரும்புவோர் கையெழுத்துப் பட்டியல்