செயலாளரின் ஆண்டறிக்கை: எஞ்சினியர் ஐயா இல்லாத பொதுக்கூட்டம்

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, மாதர் சங்கத்து அம்மாமாரே, கமக்காரர் அமைப்பிலிருந்து வந்திருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிகசாலை ஒழுங்காகத் திறந்தது. பின்னேர வகுப்புகள் காலபோக அறுவடை நேரத்தில் மட்டும் நின்றன, பிள்ளைகளும் வயலில் நின்றதால் யாரையும் குறை சொல்ல முடியாது. குளத்து அலைகரையில் சிரமதானம் நடந்தது, வந்தவர்களுக்கு நன்றி, வராதவர்கள் அடுத்த முறை மண்வெட்டியோடு வாருங்கள். புதிய கட்டடம் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த வருடம் எங்களுக்கு நடந்த பெரிய விடயம் எங்கள் போஷகர் எஞ்சினியர் ஐயாவின் இழப்பு. அவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தியேட்டியன்று வீட்டார் கொடுத்த கல்வெட்டில், அதாவது நினைவு மலரில், ஒரு படம் இருந்தது: ஐயா கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக நிற்கிறார், இடுப்பில் வெளிர்நீலக் கரை வைத்த வெள்ளை ஏப்ரன், கழுத்தில் நீலப் பட்டி, அதில் ஒரு வெள்ளிப் பதக்கம். அன்றிலிருந்து ஊரில் கதை. இரகசியச் சங்கமாம், மதம் மாறியவராம், வேறு ஏதோ கும்பிட்டவராம். வாசிகசாலையில் அவருடைய படம் மாட்டுவதற்குத் தீர்மானம் வந்தபோதும் இதே கேள்விகள்தான் எழும்பின. கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பதிலை எழுத்தில் வைக்காவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் கதை மட்டும்தான் மிஞ்சும்.

ஐயா பிறீமேசன் என்பது உண்மை, அதாவது உலகத்தில் பல நாடுகளில் உள்ள ஒரு பழைய சகோதரத்துவச் சங்கத்தின் அங்கத்தவர். ஒளித்தவரும் இல்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு கமக்காரர் வீட்டில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்து, நீர்ப்பாசன வேலைக்குள் கீழ்மட்டத்தில் நுழைந்து எஞ்சினியராக வந்தவர். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்கள் என்று துருசுகளோடும் வாய்க்கால்களோடும் இளமைக் காலம் போனது. கொழும்புக்கு மாற்றலாகிப் போன இடத்தில், தன்னோடு வேலை செய்த ஒரு மூத்தவர் மூலம் லொட்ஜைப் பற்றி, அதாவது அந்தச் சங்கத்தின் கிளையைப் பற்றி, அறிந்திருக்கிறார். அங்கே யாரும் வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பதில்லை, தானாக விரும்பிக் கேட்கவேண்டும், ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியவேண்டும், பிறகு உருண்டை போட்டு இரகசிய வாக்கெடுப்பு. வெள்ளை உருண்டை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. ஐயாவுக்குக் கறுப்பு ஒன்றும் விழவில்லை என்று பெருமையாகச் சொல்லுவார்.

உள்ளே மூன்று படிகள்: பயிலுநர், கைவினைத் தோழர், மாஸ்டர் மேசன். அதெல்லாம் பழைய காலத்துக் கல்லுக் கட்டும் தொழிலாளரின் படிகள், அவர்களுடைய மூலைமட்டமும் கவராயமும் இவர்களுக்கு அடையாளம். 1717 யூன் 24 இல் லண்டனில் நான்கு லொட்ஜ்கள் கூடித் தங்களுக்கு ஒரு பெருமன்றத்தை அமைத்ததோடு இன்றைய வடிவம் தொடங்கியது. வெள்ளைக்காரரோடு இலங்கைக்கும் வந்தது. இங்கே இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மூன்றின் கீழும் லொட்ஜ்கள் இருக்கின்றன. ஐயா சேர்ந்தது இங்கிலாந்து முறை. சின்னச் சின்னப் பொறுப்புகளாக ஏறி, கடைசியில் ஒரு வருடம் மாஸ்டராக, அதாவது லொட்ஜின் தலைவராக, கதிரையில் இருந்தார். அந்த வருடம் முடிந்து இறங்கியவருக்குக் கொடுப்பதுதான் படத்தில் உள்ள பதக்கம். அதற்கு மேலேயும் பொறுப்புகள் வந்தன, ஆனால் அவர் சொல்லிக்கொண்டது அந்தக் கதிரையைத்தான்.

1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு ஊருக்கு வந்தார். போக்குவரத்து அறுந்துபோன காலத்தில் லொட்ஜும் அறுந்தது. 2002 இல் ஏ9 வீதி திறந்ததும் போய்வரத் தொடங்கினார், 2006 இல் பாதை மூட அதுவும் நின்றது. 2009 இல் எல்லோரும் போலத்தான் அவரும், இடம் மாறி மாறி முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம். காணி உறுதியும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் வைத்திருந்த பையில் அந்தப் பதக்கமும் இருந்தது.

பதக்கத்தை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளி மூலைமட்டம், அதன் கீழே தொங்கும் தகட்டில் ஒரு கணக்குப்படம். செங்கோண முக்கோணியும் அதன் மூன்று பக்கத்திலும் மூன்று சதுரமும், அதாவது யூக்கிளிட்டின் 47ஆவது தேற்றம், எங்கள் பிள்ளைகள் பைதகரஸ் என்று படிப்பது. ஓ.எல். வகுப்புக்கு அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத்தான் ஐயா அந்தப் பாடம் எடுப்பார். புதிய கட்டடத்துக்கு அத்திவாரம் போட்ட அன்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் 3 அடி, 4 அடி, 5 அடி அளந்து மூலையைப் பிடித்துப் பார்த்தார். மூலை கொஞ்சம் விலகியிருந்தது. கட்டட வேலை செய்த மேசன் தம்பிக்கு முகம் சுருங்கியது. ஐயா ஒன்றும் சொல்லாமல் கயிற்றின் மற்ற நுனியை அவன் கையில் கொடுத்து, “இப்ப நீ பிடி, நான் முளை அடிக்கிறன்” என்றார்.

கல் வைத்தது ஈசான மூலையில். அன்றைக்குத்தான் அவர் தன் லொட்ஜைப் பற்றி எங்களிடம் வாய்திறந்து கதைத்தார். புதிதாகச் சேர்பவரைக் கூடத்தின் வடகிழக்கு மூலையில்தான் நிறுத்துவார்களாம். அதற்கு முன்பே அவரிடமிருந்து காசு, மோதிரம், உலோகம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படி நிற்கிறவரிடம் ஏழைகளுக்கு ஏதாவது கொடு என்று கேட்பார்கள். கையில் சதமும் இல்லை. அந்த நிலையை மறக்காதே, இல்லாதவன் உன்னிடம் வரும்போது நினைத்துக்கொள் என்பதுதான் பாடம். மெனிக் பாமில் வரிசையில் நின்றபோது அந்த மூலை நினைவுக்கு வந்தது என்று சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, மதக் கேள்விக்கு வருகிறேன். லொட்ஜில் சேரக் கடவுள் நம்பிக்கை வேண்டும், எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. அவரவர் வேதநூலில் கைவைத்துத்தான் சத்தியம், ஐயா பகவத்கீதையில் செய்தார். உள்ளே மதமும் அரசியலும் கதைக்கக் கூடாது. இரகசியம் என்பது ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் சில சைகைகளும் சொற்களும் சடங்குகளும். மற்றது எல்லாம் புத்தகங்களில் வந்துவிட்டது.

அதற்காக எல்லாம் நல்லபடி நடந்தது என்றும் எழுத மாட்டேன். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்பவர் 1863 இல் சேரக் கேட்டார், இந்து என்பதால் இழுத்தடித்து 1872 இல்தான் எடுத்தார்கள். அவரை எடுத்த லொட்ஜின் பெயர் ‘அங்கர் அண்ட் ஹோப்’. அதே லொட்ஜில் 1884 பெப்ரவரி 19 இல் சேர்ந்த ஒரு இளைஞர் நரேந்திரநாத் தத்தர், பிறகு சுவாமி விவேகானந்தர். அவர் 1897 இல் அநுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் எங்கள் வன்னிக் காட்டுப் பாதையால்தான் போனார், வவுனியாவில் மக்கள் வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். ஐயா எங்கள் மண்டபத்தில் கடைசியாகப் பேசியது இதைப் பற்றித்தான். அன்று மாதர் சங்கத் தலைவி அக்கா எழும்பி, பெண்களை ஏன் சேர்ப்பதில்லை என்று நேராகவே கேட்டா. இங்கிலாந்தில் 1908 இலிருந்து பெண்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, எங்கள் விதி பழைய விதி என்றார் ஐயா. அக்காவுக்கு அந்தப் பதில் போதவில்லை, எனக்கும் போதவில்லை, ஐயாவிடமே அதைச் சொன்னோம்.

கத்தோலிக்க அங்கத்தவர்களின் தயக்கமும் நியாயமானது. 1738 இல் பாப்பரசர் 12ஆம் கிளெமெந்து பிறீமேசனைத் தடைசெய்தார், 1983 இல் வத்திக்கான் அதை மறுபடி உறுதிப்படுத்தியது. ஆகவே ஏப்ரன் போட்ட படத்தை மாட்டுவதில்லை, குளக்கட்டில் குடையோடு நிற்கும் படத்தை மாட்டுவது என்று நிர்வாகசபையில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஐயாவின் வீட்டாருக்கும் அதுதான் விருப்பம்.

இன்னொன்றும் பதிவாகவேண்டும். மீள்குடியேறிய காலத்தில் பிள்ளைகளுக்கு வந்த சைக்கிள்களும், வயதானவர்களுக்கு வந்த மூக்குக்கண்ணாடிகளும் ஐயா தன் லொட்ஜ் நண்பர்களிடம் கேட்டு எடுத்தவை. பெயர்ப்பலகை வைக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். உயிரோடு இருக்கும்வரை அதை மதித்தோம். இப்போது சொல்லாமல் விடுவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது, அதனால் எழுதுகிறேன்.

அவருடைய புத்தகங்கள் எங்களுக்கு வந்திருக்கின்றன. நீர்ப்பாசன நூல்கள், பழைய குள வரைபடங்கள், கொஞ்சம் மேசனிக் புத்தகங்கள். வரைபடங்களைக் கறையான் தட்டுவதற்கு முன் ஸ்கான் பண்ணவேண்டும். கணினி தெரிந்த தம்பி தங்கைகள் இரண்டு மூன்று பேர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள். புதிய கட்டடத்துக்கு மின் இணைப்பு எடுப்பது, கதவு நிலை வாங்குவது, புதிய போஷகரைத் தெரிவது மூன்றும் அடுத்த நிர்வாகத்துக்கு விடப்படுகின்றன.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்