ரோமிலிருந்து தம்பிக்கு: சுற்றுலாவின் கடைசி மூன்று நாள்

ரோம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். அம்மா, அப்பா, சித்தி எல்லாரும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலிக்கு மருந்து மாற்றினார்களா என்று அடுத்த முறை மறக்காமல் எழுது.

நீ அனுப்பிய கல்லூரிச் சுற்றுலா நிரலைப் பார்த்தேன். வெனிஸ், பிளாரன்ஸ் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரோமில் இருக்கும் கடைசி மூன்று நாள்தான் உதைக்கிறது. பார்க்கவேண்டிய இடங்களை நெருக்கி எழுதியிருக்கிறார்கள். பெட்டி கட்ட, தபால் போட, கடைக்குப் போக, வரிப் பணம் திரும்ப வாங்க என்று அரை நாள்கூட ஒதுக்கவில்லை. இங்கே வரும் மாணவர் குழுக்கள் திணறுவது பெரும்பாலும் அங்கேதான். பட்டியலில் பாதியை அடித்துவிட்டு மீதியை நிதானமாகப் பாருங்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் சொல். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ரயில். பிளாரன்ஸிலிருந்து ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினிக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அந்த டிக்கெட்டில் வண்டி எண், பெட்டி, இருக்கை எல்லாம் அச்சாகியிருக்கும். ஏறி உட்கார்ந்தால் போதும். சிக்கல் சாதாரண வட்டார ரயிலில். பிளாரன்ஸிலிருந்து பீசாவுக்கு ஒரு நாள் போய்வருவதாக எழுதியிருக்கிறாயே, அது இந்த ரகம். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கம் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்துத் தேதியும் நேரமும் பதியவேண்டும். பதிந்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் செல்லும். பதியாத டிக்கெட் இருந்தும் இல்லாததற்குச் சமம். பரிசோதகர் அபராதம் போடுவார், வெளியூர்க்காரன் என்ற சலுகையெல்லாம் கிடையாது. போனில் வாங்கினால் அதே வேலையைப் போனிலேயே, வண்டி ஏறுமுன், ‘செக்-இன்’ என்று அழுத்திச் செய்யவேண்டும். முப்பது பேருக்கும் ஒருவரே டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு, பதிய மறந்து ஓடி ஏறுவதுதான் வழக்கமாக நடக்கிற கூத்து.

ரோமுக்குள் பஸ், மெட்ரோ இரண்டுக்கும் ஒரே டிக்கெட்: 1.50 யூரோ, 100 நிமிடம். அதற்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோவில் மட்டும் ஒரு தடவைதான். பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. வெளியே பெரிய ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி கடையில் முன்கூட்டியே வாங்கிக்கொள். தபாக்கி என்றால் புகையிலைக் கடை. ஆனால் பஸ் டிக்கெட், தபால்தலை, போன் ரீசார்ஜ் எல்லாம் அங்கேதான். நம் ஊர்ப் பெட்டிக்கடை மாதிரி என்று வைத்துக்கொள். டெர்மினியிலிருந்து வாத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸிலும் மெட்ரோ ‘ஏ’ வழித்தடத்திலும் பையை முதுகில் மாட்டாதே, முன்னால் மாட்டு. பாஸ்போர்ட் பேண்ட் பின்பாக்கெட்டில் இருக்கவே கூடாது.

நிரலில் ஒரு தப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாத்திக்கான் அருங்காட்சியகம் என்று போட்டிருக்கிறார்கள். ஞாயிறு அது மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அன்று இலவசம். ஆனால் பகல் 12.30-க்குள் நுழைந்துவிட வேண்டும், 2 மணிக்குச் சாத்திவிடுவார்கள், வரிசை மதிலைச் சுற்றி நிற்கும். காசு கொடுத்து வேறு நாள் போவதே மேல். மாணவர் அடையாள அட்டை இருந்தால் கட்டணம் குறையும். தோளும் முழங்காலும் மறையும்படி உடை வேண்டும். அருங்காட்சியகத்தோடு சேர்ந்த சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள். கொலோசியம் டிக்கெட் பெயர் போட்டு வரும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயர் இருக்கவேண்டும். நம் ஆட்களுக்கு இன்ஷியலும் அப்பா பெயரும் முன்னும் பின்னும் மாறிக் குழப்பம் வரும் இடம் இது, பதிவு செய்கிறவர் கவனமாக இருக்கட்டும். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 2019 முதல் அங்கே உட்காரத் தடை. 250 யூரோவிலிருந்து அபராதம்.

நீ கட்டடக்கலை படிக்கிறாய். ஆகவே மற்ற எதை விட்டாலும் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடு. 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். பெரும்பாலான குழுக்கள் இருபது நிமிடத்தில் உள்ளே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகின்றன. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர்; தரையிலிருந்து உச்சித் துளைவரை உயரமும் அதே அளவு. கம்பி வைக்காத கான்கிரீட். கீழே கனமான கல் ஜல்லி, மேலே போகப்போக எடை குறைந்த கல், உச்சியை நெருங்கும்போது தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல் என்று கலவையையே மாற்றியிருக்கிறார்கள். சுவரின் கனமும் அடியில் சுமார் 6 மீட்டரில் தொடங்கி, துளை ஓரத்தில் ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு மெலிந்துவிடுகிறது.

நோட்டுப் புத்தகத்தில் வரையப்போகிறாய் என்றால் ஒன்றைக் கவனி. குவிமாடத்தின் உட்பக்கக் குழிக்கட்டங்கள் ஐந்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் 28. கீழே தரை மட்டத்தில் வாசலையும் சேர்த்து மாடங்கள் எட்டு. 28-ஐ எட்டால் வகுக்க முடியாது. அதனால் கீழ்க்கோடும் மேல்க்கோடும் நான்கே இடத்தில்தான் நேராகச் சேரும், மற்ற இடங்களில் தூணுக்கு மேலே கட்டம் தள்ளியே நிற்கும். அவசரமாக வரைகிறவர்கள் எட்டையும் பதினாறையும் வைத்து மேலே இழுத்துக்கொண்டு போய்ப் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். முதலில் வட்டத்தை நாலாகப் பிரி, ஒவ்வொரு காலிலும் ஏழு கட்டம் போடு, சரியாக வரும். மழை பெய்தால் இன்னும் நல்லது. துளை வழியாகத் தண்ணீர் உள்ளேயே விழும். நடுத்தரை லேசாக மேடிட்டிருப்பதும், அதிலுள்ள சின்ன வடிகால் ஓட்டைகளும் அப்போதுதான் கண்ணில் படும். வெயில் நாளானால், வெளிச்ச வட்டம் சுவரில் நகர்வதை அரைமணிக்கு ஒரு முறை நோட்டில் குறித்து வை. திரும்பி வந்து கல்லூரியில் காட்ட நூறு செல்ஃபியைவிட அது உதவும்.

டிக்கெட்டுகளைச் சேர்த்து ஆல்பம் ஒட்டுவேன் என்று எழுதியிருந்தாய். இங்கே பெரும்பாலானவை வெப்பத்தாளில் அச்சாகின்றன, கடை பில் மாதிரியே. பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயிலில் வைத்தால் எழுத்து மங்கிப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து வை.

தபால் அட்டை அனுப்புவதிலும் ஒரு பொறி உண்டு. நினைவுப்பொருள் கடைகளில் அட்டையோடு தபால்தலையும் விற்பார்கள். பல இடங்களில் அது தனியார் நிறுவனங்களின் தலை. அவர்களுடைய பெட்டியில் போட்டால்தான் போகும், தெருவில் இருக்கும் சிவப்புப் பெட்டியில் போட்டால் போகாது. அரசுத் தபால்தலையைத் தபால் நிலையத்திலோ தபாக்கியிலோ கேட்டு வாங்கு. ‘பிராங்கோபொல்லோ’ என்று கேள், இந்தியாவுக்கு என்று சொல். சிவப்புப் பெட்டியில் இரண்டு வாய் இருக்கும்: ஒன்று உள்ளூருக்கு, மற்றது மற்ற எல்லா ஊர்களுக்கும். நீ போடவேண்டியது இரண்டாவதில். வாத்திக்கான் தனி நாடு. அதன் தபால்தலை ஒட்டியதை அதன் எல்லைக்குள் உள்ள பெட்டியில்தான் போடவேண்டும், ரோமுக்குள் வந்துவிட்டால் செல்லாது. அட்டை வர வாரக்கணக்கில் ஆகலாம், ஆகையால் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவைக்காதே; தினம் தபால்காரரைக் கேட்டு அலைக்கழித்துவிடுவார்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதியம் மூன்று மணிக்கு ஓட்டலுக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவு ஏழரைக்கு மேல்தான் மறுபடி பற்றவைப்பார்கள். நடுவில் பசித்தால் துண்டு பீட்சா கடைதான் கதி. அங்கே எடை போட்டு விற்பார்கள்; விலைப்பலகையில் ‘எத்தோ’ என்றிருந்தால் 100 கிராம் விலை, கிலோ விலை இல்லை. கத்தியை வைத்து எவ்வளவு என்று கேட்பார்கள், கையால் காட்டினால் போதும். காபிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சுற்றுலா சதுக்கங்களில் இரண்டுக்கும் மலையும் மடுவுமாக வித்தியாசம். உங்கள் குழுவில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் ‘மாரினாரா’ பீட்சா பயமில்லாதது: தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, எண்ணெய், அவ்வளவுதான். தக்காளி சாஸ் என்று நம்பி ‘அமத்ரிச்சானா’ வாங்கிவிடாதீர்கள், அதில் பன்றிக் கன்னத்து இறைச்சி இருக்கும். பார்மிஜானோ, பெக்கொரீனோ பாலாடைக்கட்டிகளைக் கன்று, ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். சுத்த சைவக்காரர்களுக்கு இதைச் சொல்லிவிடு, பிறகு வருத்தப்படக் கூடாது. தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதே. தெருவெல்லாம் ‘நசோனி’ என்ற இரும்புக் குழாய்கள் இருக்கின்றன, நல்ல குடிநீர். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் பீறிடும், வாய் வைக்காமல் குடிக்கலாம்.

வீட்டுக்கு என்ன வாங்குவது என்று கேட்டிருந்தாய். ஒலிவ எண்ணெய் என்றால் கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஒரு லிட்டர் தகர டின் வாங்கு. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, துணிகளுக்கு நடுவே வை. கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும். சாக்லேட் பசையும் பெஸ்தோ என்ற பச்சைத் துவையலும்கூட அவர்கள் கணக்கில் திரவம்தான். பாலாடைக்கட்டி வாங்கினால் ‘சொத்தோ வூவோத்தோ’ என்று சொல், காற்றை உறிஞ்சி அடைத்துத் தருவார்கள்.

அப்பாவுக்கு மோக்கா காபிப் பாத்திரம் நல்ல யோசனை. இரண்டு விஷயம் பார்த்து வாங்கு. அலுமினியப் பாத்திரம் நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. கேஸில்தான் வைக்கவேண்டும், இல்லையென்றால் இண்டக்‌ஷனுக்கு என்று குறித்த எஃகுப் பாத்திரம் கேள். மூன்று கப் என்று எழுதியிருப்பது இந்த ஊர்ச் சின்னக் கோப்பை, மொத்தமே சுமார் 130 மில்லிதான் வரும். பால் ஊற்றி நான்கு பேர் குடிக்க ஆறு கப் அளவு வேண்டும். தண்ணீர் உள்ளிருக்கும் பித்தளை வால்வுக்குக் கீழே நிற்கவேண்டும். தூளை அழுத்தாமல் தளர நிரப்பு. தீ சின்னதாக இருக்கட்டும். கொரகொரவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிடு, அதற்குமேல் வைத்தால் கசக்கும். சிக்கரி கலந்த நம் தூளைப் போட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும். அப்பா கட்டாயம் போட்டுப் பார்ப்பார், முன்கூட்டியே சொல்லிவை.

ஒரே கடையில் ஒரே பில்லில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால், வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். 22 சதவீத வரி முழுவதும் வராது, இடைநிறுவனம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கவேண்டும். நண்பர்களின் பில்லைச் சேர்த்துக் காட்ட முடியாது. நான் இங்கேயே குடியிருப்பவள், என் பெயரில் வாங்கினால் ஒன்றும் திரும்பாது. விமான நிலையத்தில், பொருள் இருக்கும் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே சுங்கப் பதிவை முடித்துவிடு. பெட்டி உள்ளே போனபிறகு பொருளைக் காட்டு என்றால் எங்கே போவது?

டெர்மினியிலிருந்து ஃபியுமிசீனோ விமான நிலையத்துக்கு லியனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், 14 யூரோ. விடுதி திராஸ்தேவரே பக்கமென்றால் எஃப்.எல்.1 வண்டி 8 யூரோதான், ஆனால் அது டெர்மினிக்கு வராது. நான்கு பேர் சேர்ந்தால் நகரத்து மதிலுக்குள்ளிருந்து வெள்ளை டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ. பெட்டியோடு பார்த்தால் ரயிலும் டாக்ஸியும் ஏறக்குறைய ஒன்றுதான். கிளம்பும் நாளில் ‘ஷோப்பெரோ’ இருக்கிறதா என்று இரண்டு நாள் முன்பே பார். வேலைநிறுத்தம் இங்கே வாழ்க்கையின் ஒரு பகுதி. தேதி முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள். வார நாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு. விமானம் மதியமென்றாலும் காலை வண்டியிலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். குழுவாகப் போகிறீர்கள், கடவுச்சீட்டுச் சோதனையில் ஒருவர் தாமதித்தால் முப்பது பேரும் நிற்கவேண்டும்.

கடைசியாக, எனக்கு என்ன கொண்டு வருவது என்று அம்மா கேட்பார். நெய், பால்கோவா, கருவாடு கட்டிக் கொடுத்தால் வாங்காதே. இறைச்சியும் பால்பொருளும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். கருவாடு தப்பினாலும் உன் பெட்டித் துணி தப்பாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. டெர்மினி பக்கத்து எஸ்குவிலீனோ சந்தையில் பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் கிடைக்கிறது. அம்மா இடித்த சாம்பார்ப்பொடி அரைக் கிலோ, பருப்புப்பொடி கால் கிலோ, இரண்டு பாக்கெட் அப்பளம். பொடியை இறுக்கி ஒட்டிய பையில் போட்டு, மேலே பெயர் எழுதி வைக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா