வெறுங்கையோடு வந்த உதவி

பிறை,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் மகளுக்கு ஷா ஆலாமில் வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா.

போன சனிக்கிழமை நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. நிபோங் திபாலில் ஒரு கல்யாணம் முடிந்து அம்மாவோடு திரும்பும்போது, சிம்பாங் அம்பாட் பக்கம் குழியில் இறங்கிப் பின் டயர் வெடித்துவிட்டது. மணி ஒன்பதரை. காரோடு வந்த ஸ்பேனருக்குக் குட்டைக் கைப்பிடி. டயர் கடையில் மெஷின் வைத்து முடுக்கிய நட்டு அசையவே இல்லை. சரி, காப்புறுதியில் சாலை உதவி இருக்கிறதே என்று போன் போட்டேன்.

போனில் பேசிய பெண், என் பெயர், கார் எண், இடம் மூன்றையும் கேட்டுக்கொண்டார். என்ன கார், என்ன கோளாறு, ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா, எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு தம்பி வந்தான். கையில் நட்டைக் கழற்றும் 21 மில்லிமீட்டர் சாக்கெட். என் ஹோண்டா சிட்டிக்கு 19 வேண்டும். "இதான் அங்கிள் குடுத்தாங்க" என்றான். போனைப் பல்லில் கடித்து வெளிச்சம் காட்டிக்கொண்டு அதையே மாட்டித் திருகினான். சாக்கெட் வழுக்கி வழுக்கி நட்டின் முனை மழுங்க ஆரம்பித்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஸ்பேர் டயரும் தொய்ந்து கிடந்தது. அந்த ஒல்லி டயருக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், மற்ற டயர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் பார்த்து வைக்காதது தப்புதான். ஆனால் டயர் மாற்ற வருகிற வண்டியில் பம்ப்கூட இல்லையே! உள்ளே அம்மா கொசுக்கடியில் விசிறிக்கொண்டிருந்தார்.

கடைசியில் செம்பனை லோரி ஓட்டிவந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர்தான் நிறுத்தினார். கை நீள இரும்புக் குழாயை என் ஸ்பேனர் பிடியில் சொருகி ஒரு அழுத்து. கிரீச்சென்று நட்டு விட்டுக்கொடுத்தது. லோரியின் பிரேக் காற்றுத் தொட்டியிலிருந்து ஹோஸ் இழுத்து டயருக்கும் காற்றடித்தார். எல்லாம் கால் மணி நேரம். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

தம்பி மேல் எனக்குக் கோபமே இல்லை. பெரியவருக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். கற்றுக்கொள்கிற பிள்ளை. ஒரு கேள்வி கேட்காமல், ஒரு பம்ப் கொடுக்காமல் அவனை இருட்டுக்கு அனுப்பியவர்கள் மேல்தான் என் கோபம் எல்லாம். இரண்டு நிமிடம் விசாரித்திருந்தால் சரியான சாமானோடு வந்திருப்பான். அப்புறம், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அந்த டயரிலேயே எழுதியிருக்கிறது. ஊர்ந்துதான் வீடு சேர்ந்தோம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவதாக எழுதியிருந்தாய். கோலாலம்பூரிலிருந்து கிளம்புமுன் ஸ்பேர் டயருக்குக் காற்றடித்துவிடு. முழ நீளத்தில் ஒரு குழாயும் போட்டுக்கொள். வழியில் போன் போட நேர்ந்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் கார் மாடலையும் கோளாறையும் நீயே சொல்லி, என்ன கொண்டு வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு வை. உனக்குப் பிடித்த நண்டுப் பிரட்டல் சமைக்க வேண்டுமாம், என்றைக்கு வருகிறாய் என்று அம்மா கேட்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்