போட்டோ எடுக்க விடாத அருங்காட்சியகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில் ஒரு வாசகர் தோக்கியோ போய்வந்த கதையை எழுதியிருந்தார். ரயில், சாப்பாடு, கடைவீதி பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார். மிதாகாவில் உள்ள, ஜிப்லி என்ற கார்ட்டூன் பட நிறுவனத்தின் அருங்காட்சியகத்தை மட்டும், "சின்னப் பிள்ளைகள் இல்லாதவர்கள் போகத் தேவையில்லை, உள்ளே ஒரு போட்டோகூட எடுக்க விடுவதில்லை" என்று இரண்டே வரியில் தள்ளிவிட்டார். எனக்கு வயது அறுபதுக்கு மேல். பேரப்பிள்ளை யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அங்கே போய் அழுதுவிட்டு வந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மகள் ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். யாங்கோனிலிருந்து, அதாவது நம் ரங்கூனிலிருந்து, போன நம் பிள்ளைகள் பலருக்கும் இப்போது அதுதானே வேலை. சின்ன வயதில் அவளுக்கு டோட்டோரோ படம் என்றால் உயிர். எங்கிருந்தோ வாங்கி வந்த விசிடி, பேச்சு முழுக்க ஜப்பான் மொழி. ஆனாலும் கதை புரியும். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள் இரண்டு சிறுமிகள். பக்கத்துக் காட்டில் பெரிய தொந்தியோடு ஒரு பிராணி, அதுதான் டோட்டோரோ. எங்கள் தெருவில் கரண்ட் போனால் படம் பாதியில் நின்றுவிடும். மிச்சக் கதையை அவளே இருட்டில் உட்கார்ந்து நடித்துக் காட்டுவாள். படத்தை எடுத்த ஹயாவோ மியாசாகியின் தாயாரும் காசநோயால் பல வருஷம் படுக்கையில் கிடந்தவராம். அதை மிதாகா போகும் ரயிலில்தான் மகள் சொன்னாள்.

அந்தப் படம் ஜப்பானில் வெளியானது 1988 ஏப்ரல் 16. இங்கே பர்மாவில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின் நாட்கள். அந்த வருஷம் அதற்குப் பிறகு வந்த போராட்ட நாட்களில் நாம் எப்படி இருந்தோம் என்று ரங்கூன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே நாளில் அதே தியேட்டர்களில் ஜோடியாக ஓடிய இன்னொரு படம், ஜிப்லியின் மற்றொரு இயக்குநர் இசாவோ தகாஹாதா எடுத்தது. போரில் தாயை இழந்து பட்டினியில் சாகும் அண்ணன் தங்கை கதை. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டும். எந்த வரிசையில் பார்த்தவர் எந்த மனநிலையில் வீட்டுக்குப் போனாரோ!

சரி, அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். இனோகாஷிரா பூங்காவின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. 2001 அக்டோபரில் திறந்தார்கள். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்தவரும் மியாசாகிதான். இப்படிப் போ, அப்படித் திரும்பு என்று உள்ளே யாரும் நம்மை நடத்திக்கொண்டு போவதில்லை. வாசலுக்கு முன்பே ஒரு பொய்யான டிக்கெட் கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் டோட்டோரோ உட்கார்ந்திருக்கிறது. முப்பதைத் தாண்டிய என் மகள் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

உள்ளே போகும்போது கையில் தரும் சீட்டில் நிஜமான சினிமா பிலிம் துண்டு ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஏதோ ஒரு படத்தின் காட்சி தெரியும். கீழ்த்தளத்தில் பொம்மைகளை அடுக்கிய வட்டமேடை ஒன்று சுற்றுகிறது. மினுக்கும் விளக்கை அதன்மேல் அடித்ததும் பொம்மைகள் குதித்து ஓடத் தொடங்குகின்றன. படம் அசைவது நம் கண்ணில்தான் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிடுகிறார்கள்.

எனக்கு முக்கியம் மாடியில் இருக்கும் அறைகள். ஒரு படம் பிறக்கும் இடம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள். சுவர் தெரியாதபடி குத்தி வைத்த ஓவியங்கள், சரிந்து கிடக்கும் புத்தகங்கள், சிகரெட் துண்டுகள் நிறைந்த சாம்பல் கிண்ணம். ஆள் இப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போயிருக்கிறார் போல. முன்பெல்லாம் ஒளி ஊடுருவும் தாளில் முன்பக்கம் கோடு, பின்பக்கம் சாயம் என்று ஒவ்வொரு படமாகத் தீட்டுவார்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று பிரேமுக்கு நிறுத்தினாலும் ஒரு முழுப் படத்துக்கு எத்தனை ஆயிரம் வரும் என்று பாருங்கள். 1999க்குள் சாயம் பூசும் வேலை கணினிக்குப் போய்விட்டது. ஆனால் கோடு இன்னும் பென்சிலில்தான்.

மேசைமேல் ஒரு கண்ணாடிச் சாடி. அது நிறையத் தேய்ந்துபோன பென்சில் துண்டுகள். விரல் நகத்தைவிடச் சற்றே நீளம், அவ்வளவுதான்.

என் அப்பா ரங்கூனில் சினிமா பேனர் வரைந்தவர். ஸ்டில் போட்டோவில் பென்சிலால் கட்டம் போடுவார். அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, கதாநாயகியின் மூக்கு மட்டும் என் உயரத்துக்கு வரும்படி வரைவார். பென்சில் கையில் பிடிக்க முடியாதபடி குட்டையானாலும் தூக்கிப்போட மாட்டார். மூங்கில் குழாயில் செருகி இன்னும் ஒரு வாரம் ஓட்டுவார். படம் தியேட்டரை விட்டுப் போனதும் அந்தத் துணிமேல் வெள்ளை அடித்து அடுத்த படத்தின் முகம் ஏறும். அவர் வரைந்ததில் ஒரு முகம்கூட இன்று மிச்சம் இல்லை. அந்தச் சாடி முன்னால் நின்று நான் அழுதது இதற்குத்தான். "ஏம்மா, என்னாச்சு? எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்று மகள் பதறினாள். நான் பார்த்த வரையில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேசையைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்கலாம் என்று விட்டிருந்தால் பாதிப் பேர் மேசைக்கு முதுகு காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

"தாத்தா பேனருக்கு ஒரு போட்டோகூட இல்லையேன்னு நீங்கதானே அழுதீங்க, இப்ப போட்டோ வேணாம்கிறீங்க" என்று வெளியே வந்ததும் மகள் மடக்கினாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. ஆனால் அந்த அறையில் இருந்ததெல்லாம், அந்தச் சாம்பல் கிண்ணம் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை, எனக்கு நினைவிருக்கிறது. போன் நிறையப் போட்டோ எடுத்து வந்த மற்ற இடங்கள் எதுவும் அப்படி நினைவில்லை.

அங்கே மட்டுமே காட்டும் குறும்படம் ஒன்றையும் பார்த்தோம். சின்ன அரங்கம்தான். புரொஜக்டரைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருப்பதால் அது ஓடுவதையும் பார்க்கலாம். டோட்டோரோ படத்தில் வரும் பூனை வடிவப் பேருந்து ஓர் அறையில் இருக்கிறது, அதில் ஏறி விளையாடும் உரிமை பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கான இடம் என்று கட்டுரையாளர் சொன்னது அந்த ஓர் அறைக்குப் பொருந்தும்.

ஜப்பானில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வாசலில் டிக்கெட் கிடைக்காது, முன்பதிவு மட்டும்தான். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, அங்கே காலை பத்து மணிக்கு, அதாவது நம் நேரம் ஏழரைக்கு, அடுத்த மாத டிக்கெட் விற்பனை தொடங்கும். பெரியவர்களுக்கு 1,000 யென். டிக்கெட் கிடைத்த பிறகு விமானச் சீட்டுப் போடுங்கள். மொட்டைமாடியில் ஐந்து மீட்டர் உயர ரோபோ ஒன்று நிற்கிறது, அதைப் போட்டோ எடுக்கலாம். அங்கே ஏறுவதற்குச் சுருள் படிக்கட்டுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறவும்.

இப்படிக்கு,
யாங்கோன் வாசகி ஒருத்தி