கோலக்குழலும் சுண்ணாம்பு மூட்டையும்

தாண்டிக்குடி
மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நம் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு தூவ நீ அனுப்பிய மூன்று இயந்திரங்களின் படங்களையும் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலையைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன். போனில் பேசினால் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கார அமில நிலை (pH) 4.9, புளிப்பு அதிகம். ஏக்கருக்கு ஒரு டன் சுண்ணாம்பு இடச் சொல்லியிருக்கிறார்கள். கமலா ஆரஞ்சுக்கு 6ஐ ஒட்டி இருந்தால்தான் வேர் நன்றாகச் சாப்பிடும். முற்றிய இலைகளில் காம்புப் பக்கம் மட்டும் ஆப்பு வைத்தாற்போலப் பச்சை நின்று, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிறது என்று போன தடவை உனக்குப் படம் அனுப்பினேன் அல்லவா? அது மெக்னீசியம் குறைவு. ஆகவே வெறும் சுண்ணாம்புக்கல் பொடி வேண்டாம், டோலமைட் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதில் சுண்ணாம்பு, மெக்னீசியம் இரண்டும் இருக்கிறது.

இப்போது உன் இயந்திரங்களுக்கு வருகிறேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, தட்டு சுழன்று வீசும் முதல் கருவியைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம் மலைச்சரிவுப் படிக்கட்டு நிலத்தில் ஒரு படி எட்டடி அகலம், அப்புறம் கல் கட்டு. நடுவில் காபிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. டிராக்டர் எங்கே நிற்கும்? சமவெளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல கருவிதான்.

இரண்டாவது, கையால் தள்ளிக்கொண்டு போகும் பெட்டி. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது பெரிய கோலக்குழல், வேறொன்றும் இல்லை. அடியில் வரிசையாகத் துளை. சக்கரம் உருள உருளப் பொடி நேர் கீழே விழும், காற்றில் பறக்காது. பொடியாக இருக்கும் சுண்ணாம்புக்கு மூன்றில் இதுதான் சரியான யோசனை. ஆனால் வாசல் சமமாக இருந்தால்தான் கோலக்குழல் ஓடும். நம் தோட்டத்தில் சக்கரம் கல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குவியல் கொட்டும், அடுத்த இரண்டடிக்கு ஒன்றும் விழாது.

மூன்றாவதுதான் உனக்குப் பிடித்தது என்று தெரிகிறது: தோளில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றி வீசுவது. சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, போன வருடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அதே மாதிரி ஒன்றை இரவல் வாங்கி முயன்று பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. யூரியா, விதை போன்ற மணி மணியான பொருளுக்காகச் செய்த கருவி அது. மாவுபோல் இருக்கும் பொடியைப் போட்டால் நடுவில் மட்டும் குழி விழுந்து, சுற்றிலும் கிணற்றுச் சுவர்போல நின்றுவிடுகிறது. தட்டு வெறுமனே சுற்றுகிறது. ஓங்கித் தட்டினேன், மொத்தமும் ஒரே இடத்தில் இறங்கிவிட்டது. மத்தியானம் பள்ளத்திலிருந்து மேலே ஏறும் காற்று மீதியை என் தலையில் கொட்டியது. "ஒரே நாளில் பாட்டியாகிவிட்டாய்" என்றார் உன் அப்பா. உருண்டையாக்கிய சுண்ணாம்பு கிடைத்தால் இந்தக் கருவி அழகாக வேலை செய்யும். ஆனால் அதற்கும் பொடிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை யார் கொடுப்பது?

ஆள் கிடைப்பதில்லை, அதற்காகத்தான் இயந்திரம் என்கிறாய். நியாயம்தான். ஆனால் எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார். ஏக்கருக்கு ஒரு டன் என்றால் சதுர மீட்டருக்குக் கால் கிலோ. நம் மரத்தின் நிழல் சுமார் இரண்டு மீட்டர் ஆரம்; பரப்பு பன்னிரண்டரை சதுர மீட்டர். மரத்துக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 180 மரத்துக்கு 560 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை பன்னிரண்டு. தூவுவது நானும் அப்பாவும் காலை வேளைகளில் நான்கைந்து நாளில் முடித்துவிடும் வேலை. இடுப்பு ஒடிவது சாலையிலிருந்து மூட்டையை மேலே ஏற்றுவதில். படத்திலுள்ள எந்த இயந்திரமும் அதைச் செய்யாது. அதற்குக் குதிரைக்காரரிடம் பேசிவிட்டேன். நடைக்கு இரண்டு மூட்டை, ஆறு நடை, நேராக மேல் படிக்கு. அங்கிருந்து இறங்கிக்கொண்டே தூவினால் சுமை குறைந்துகொண்டே வரும்.

அளவுக்கு ஒரு பழைய பெயின்ட் டப்பா எடுத்து, பொடியை நிறுத்துப் போட்டு, உள்ளே ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறேன். மரத்துக்கு ஒரு டப்பா. தண்டை ஒட்டிப் போடாமல் ஓரடி விட்டு, நிழலின் விளிம்புவரை. பிறகு களைக்கொத்தால் மேலோட்டமாகக் கிளறிவிட வேண்டும். சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்க வருடங்கள் ஆகும். ஆழமாகக் கொத்தினாலோ ஆரஞ்சின் மேல்வேர் அறுபடும். கோடை மழை பிடிப்பதற்குள் முடிக்கப் பார்க்கிறோம். எருவும் யூரியாவும் இதோடு சேராது, சேர்த்தால் அவற்றின் சத்து ஆவியாகப் போய்விடும். சில வாரம் கழித்துத்தான் எரு.

இன்னொன்று. முன்பு ஒரு வியாபாரி டோலமைட் என்று சொல்லி ரவைபோல் இருந்த பொடியைக் கொடுத்துவிட்டார். அது கரைய எத்தனை வருடம் ஆகுமோ! இந்த முறை விரலால் தேய்த்துப் பார்த்துதான் வாங்குவேன். சுட்ட சுண்ணாம்பு கிலோவுக்கு அதிக வீரியம் உடையது, உண்மைதான். மயில்துத்தத்தோடு (காப்பர் சல்பேட்) கலந்து பூஞ்சைக்கு மருந்தடிக்க மட்டும் அது போதும். கையையும் கண்ணையும் பொசுக்கிவிடும் பொருளைத் தோட்டம் முழுக்கக் கையால் தூவ எனக்குத் துணிவில்லை.

ஆகவே எதையும் வாங்கி அனுப்பாதே. உன் பட்டறையில் ஒன்று செய்து கொண்டுவா. மெல்லிய தகரத்தில் ஒரு பெட்டி: ஓரடி நீளம், அரையடி அகலம். அடியில் அரிசி நுழையும் அளவுக்குத் துளைகள். உள்ளே குறுக்கே ஒரு கம்பி, வெளியிலிருந்து இழுத்துத் தள்ளும்படி. பொடி கிணறு கட்டாமல் அதுதான் உடைக்க வேண்டும். மேலே மூடி. கைப்பிடி நீளமாக இருக்கட்டும், குனியாமல் முழங்கால் உயரத்தில் பிடித்து ஆட்ட வேண்டும். அதை என் உயரத்துக்கு அளந்து வை, அப்பாவின் உயரத்துக்கு அல்ல. தூவப் போவது நான்தான்.

அன்புடன்,
அம்மா