கதை முடிஞ்சதும் பரீட்சை வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பிள்ளைங்களுக்கு நல்ல குணம் வரணும்னு கதை சொல்றோம், சரிதான், ஆனா 3 வயசு பிள்ளைக்கும் 12 வயசு பிள்ளைக்கும் ஒரே மாதிரி சொன்னா எப்படி மனசுல ஒட்டும்? 2, 3 வயசுல ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வேணும், ஒரு வார்த்தைய மாத்தினாலும் "அப்படி இல்ல"ன்னு பிடிச்சுக்கும். 4, 5 வயசு வாக்குலதான் நமக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்கலாம்ங்கறதே புரிய ஆரம்பிக்குது, இரக்கத்துக்கு விதை போட அது அருமையான நேரம். என் பொண்ணுக்கு 5 வயசு, கதையில தொலைஞ்சுபோன நாய்க்குட்டிய நினைச்சு "அம்மா தேடறது அதுக்குத் தெரியாதுல்ல"ன்னு என் கைய இறுக்கிப் பிடிச்சா, நான் கதைய அங்கயே நிறுத்திட்டு அவ பேசறதயே கேட்டுட்டு இருந்தேன். 10 வயசு தாண்டினா நல்லவன் கெட்டவன் கதை பத்தாது, ஃப்ரெண்ட் செஞ்ச தப்ப சொல்றதா மறைக்கிறதான்னு தவிக்கிற ஆள் கதையில வேணும். தயவுசெஞ்சு முடிஞ்ச உடனே "என்ன கத்துக்கிட்டே"ன்னு கேக்காதீங்க, "நீயா இருந்தா என்ன பண்ணுவே"ன்னு கேளுங்க. உங்க சிறுவர் பக்கத்துலயும் வயசு வாரியா கதை போட்டா எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி